கிவான் (பிலிப்பைன்ஸ்): எல்லாரும் முதலில் வந்திறங்கும் ஊர் ஏன் இன்னும் கொப்பரையையே நம்பியிருக்கிறது?

#1 கடலாடி

கப்பல் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்று நான்காண்டுகள் ஆகின்றன. என்னுடன் நீண்ட காலம் பயணம் செய்த போசன் (கப்பலின் மேல்தளப் பணியாளர்களின் தலைவர்) ஒருவர், பிலிப்பைன்ஸின் சாமார் தீவில் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கிவான் என்ற கடற்கரை நகராட்சியைச் சேர்ந்தவர். பசிபிக்கிலிருந்து லெய்ட்டே வளைகுடாவுக்குள் நுழையும்போதெல்லாம் அவர் வலப்பக்கக் கம்பித் தடுப்பருகே வந்து நின்றுகொண்டு, தொலைவில் கருங்கோடாகத் தெரியும் தீவுகளைச் சுட்டிக்காட்டி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வார்: சுலுவான், ஹோமொன்ஹோன், மனிகானி, கலிக்கோவான். இவை அனைத்தும் அவருடைய நகராட்சியின் எல்லைக்குள் அடங்கியவை. ஒருமுறை அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் முதலில் எங்கள் ஊருக்குத்தான் வருவார்கள், தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்றார். அந்தச் சொல்லின் பின்னணியைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது, இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று தோன்றியது.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சாமாரின் தென்முனையிலிருந்து விரல் நீட்டியது போலக் கடலுக்குள் இறங்கும் ஒடுங்கிய தீபகற்பம். அதன் நுனியில் கிவான் நகரம். மேற்கே லெய்ட்டே வளைகுடாவின் அமைதியான நீர், கிழக்கே தடையேதுமற்ற பசிபிக். அந்தப் பக்கம்தான் 10,540 மீட்டர் வரை ஆழமுள்ள பிலிப்பைன் அகழி ஓடுகிறது. நிலம் பெரும்பாலும் பவளச் சுண்ணாம்புப் பாறை, மண் மெல்லியது, நெல் வயல்கள் குறைவு, தென்னை மிகுதி. நகராட்சியில் 60 பராங்காய்கள், அதாவது நம் ஊராட்சி போன்ற அடிநிலை அலகுகள் உள்ளன. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 53,000-ஐச் சற்றுத் தாண்டும். பேசும் மொழி வாராய்.

1521-இல் ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மகெல்லன் இங்கே இறங்கினார். 1944-இல் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரும் இங்கேதான் இறங்கினார் (திருத்தம்: இங்கே முதலில் இறங்கியது அமெரிக்கப் படை, மெக்ஆர்தர் அல்ல; பதிவு #2 காண்க). 1949-இல் ரஷ்ய அகதிகள் வந்தனர். 2013-இல் யோலாண்டா புயல் முதலில் கரை தொட்டதும் இங்கேதான். இத்தனை முறை உலக வரலாற்றின் வாசலாக இருந்த ஓர் ஊரின் பொருளாதாரம் இன்றும் கொப்பரை, மீன், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் என்ற மூன்றைத் தாண்டவில்லையே, ஏன்? ஊர் அமைந்திருக்கும் இடமே காரணம் என்பது என் எண்ணம். அது வாசல்; வாசலில் யாரும் குடியிருப்பதில்லை. அறிந்தவர்கள் மறுத்தும் எழுதலாம்.

#2 சுவடிப்பெட்டி

நல்ல தொடக்கம், கடலாடி ஐயா. ஆயினும் ஒரு திருத்தம் உடனே தேவைப்படுகிறது. மெக்ஆர்தர் கிவானில் இறங்கவில்லை. 1944 அக்டோபர் 20 அன்று அவர் தண்ணீரில் நடந்து கரையேறியது லெய்ட்டே தீவின் பாலோ கடற்கரையில். அதற்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 17 அன்று, அமெரிக்க 6-ஆவது ரேஞ்சர் படைப்பிரிவு சுலுவானில் இறங்கியது. மறுநாள் ஹோமொன்ஹோனில் இறங்கியது. எனவே 'படை முதலில் இறங்கிய இடம்' என்பது சரி, 'மெக்ஆர்தர்' என்பது தவறு. சுலுவானில் இருந்த சிறிய ஜப்பானியக் காவல் படை அனுப்பிய வானொலிச் செய்திதான் ஜப்பானியக் கடற்படைத் தலைமையை உசுப்பியது. அதன் தொடர்ச்சிதான் லெய்ட்டே வளைகுடாப் போர்.

1521-ஐப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மார்ச் 16 அன்று மகெல்லனின் கப்பல்கள் சாமாரின் மலைகளைக் கண்டன. மறுநாள் அவர் ஆளில்லாததாகத் தோன்றிய ஹோமொன்ஹோனில் இறங்கி, நோயுற்ற மாலுமிகளுக்காக இரண்டு கூடாரங்கள் அடிக்கச் செய்து, அவர்களுக்காக ஒரு பெண் பன்றியை அறுக்கச் சொன்னார். 18-ஆம் நாள் ஒரு படகில் ஒன்பது பேர் வந்தனர். இவர்கள் சுலுவான்காரர்கள். சிவப்புத் தொப்பி, கண்ணாடி, சீப்பு, மணி முதலியவற்றை மகெல்லன் கொடுக்க, அவர்கள் மீன், ஒரு சாடி கள், ஒரு சாணுக்கு மேல் நீளமான வாழைப்பழங்கள், இரண்டு தேங்காய் ஆகியவற்றைக் கொடுத்தனர். அப்போது தங்களிடம் வேறொன்றும் இல்லை என்றும், நான்கு நாளில் அரிசியும் தேங்காயும் கொண்டுவருவதாகவும் சைகையால் சொன்னார்கள். சொன்னபடியே 22-ஆம் நாள் நண்பகலில் இரண்டு படகுகளில் வந்தார்கள். தேங்காய், இனிப்பு ஆரஞ்சு, ஒரு சாடி கள், ஒரு சேவல் ஆகியவை வந்தன.

பயணக் குறிப்பெழுதிய பிகாஃபெட்டா என்ற இத்தாலியர் இங்கேதான் முதன்முதலாகத் தென்னையைக் கூர்ந்து பார்க்கிறார். பாளையைச் சீவிக் கள் இறக்குவது, நாரில் கயிறு திரிப்பது, பருப்பிலிருந்து எண்ணெயும் காடியும் பாலும் எடுப்பது என ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு, இரண்டு மரங்களை வாரம் மாற்றி வாரம் பயன்படுத்தினால் பத்துப் பேர் கொண்ட குடும்பம் பிழைக்கும் என்கிறார். நம்மவர்க்கு இதில் புதுமை எதுவும் இராது. ஆனால் ஓர் ஐரோப்பியர் திகைத்து நின்று எழுதும் அந்தப் பக்கங்களை நான் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன். அதே மனிதர் மார்ச் 25 அன்று, புறப்படும் நேரத்தில், மீன்பிடிக்கக் கப்பலோரத்திற்குப் போய், மழையில் நனைந்திருந்த மரத்தில் கால் வழுக்கிக் கடலில் விழுந்தார். தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிறு ஒன்று கையில் அகப்பட்டிராவிட்டால், அந்தக் குறிப்புகளே நமக்குக் கிடைத்திரா.

போசனின் 'தண்ணீர்' பேச்சுக்கு வருகிறேன். ஹோமொன்ஹோனில் தெளிந்த நீருள்ள இரண்டு ஊற்றுகளைக் கண்டு, 'நல்ல குறிகளின் நீர்த்துறை' என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். எட்டு நாள் தங்கினார்கள், நீர் நிரப்பினார்கள், போய்விட்டார்கள்.

#3 திண்ணை

பிலிப்பைன்ஸின் முதல் திருப்பலி நடந்ததும் ஹோமொன்ஹோனில்தானா? அப்படித்தான் எங்கோ படித்த நினைவு. மேலும், அங்குள்ள தேவாலயத்தின் உட்புறம் முழுவதும் சங்கும் சிப்பியும் பதித்திருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா, சுற்றுலாக்காரர் விடும் சரடா?

#4 சுவடிப்பெட்டி

முதலாவது தவறு. 1521 மார்ச் 31 அன்று, உயிர்த்த ஞாயிறன்று, லிமாசாவா தீவில் நடந்ததையே முதல் திருப்பலியாக அந்நாட்டு அரசின் வரலாற்றுக் குழு ஏற்றிருக்கிறது. அது நடந்தது மிண்டனாவோ தீவின் புத்துவானில் என்று வழக்காடுபவர்களும் நெடுங்காலமாக இருக்கிறார்கள். ஹோமொன்ஹோனுக்கு அந்த வழக்கில் இடமில்லை.

இரண்டாவது உண்மை. ஆனால் உட்புறம் முழுவதும் அல்ல. திருமுழுக்கு அறையிலும் பக்கப் பீடமொன்றிலும் சிப்பிகளைப் பூவாகவும் கொடியாகவும் அடுக்கிப் பதித்திருக்கிறார்கள். அமலோற்பவ அன்னை பெயரால் விளங்கும் அந்தக் கோயிலை இயேசு சபையினர் தொடங்கினர். 1768-இல் ஸ்பெயின் அரசர் ஆணைப்படி அவர்கள் வெளியேற்றப்பட்ட பின் அகுஸ்தீன் சபையினரிடமும், அதன்பின் பிரான்சிஸ்கன் சபையினரிடமும் அது வந்தது. சுற்றிலும் கொத்தளங்களோடு கூடிய கல்மதில் இருப்பது அழகுக்காக அன்று. தென் தீவுகளின் முஸ்லிம் மக்களான மோரோக்களின் படகுகள் ஆள்பிடிக்க வந்த காலத்தில் ஊர் முழுவதும் ஓடி ஒளிந்த இடம் அது. 2001-இல் தேசியப் பண்பாட்டுப் புதையல் என்று அறிவிக்கப்பட்டது. 2013 புயல் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. பின்பு மீட்டுக் கட்டப்பட்டது.

கடலாடி ஐயாவின் கேள்விக்கு இதில் ஒரு துணுக்கு விடை இருக்கிறது. மணிலாவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானிய வணிகக் கப்பல்களான மணிலாக் காலியன்கள் இரண்டரை நூற்றாண்டுக் காலம் பசிபிக்கைக் கடந்தன. ஆனால் அவை சாமாரின் வடமுனையில் உள்ள சான் பெர்னார்தீனோ நீரிணை வழியாகவே போய்வந்தன. தென்முனையான கிவானின் பங்கு அந்த வணிகத்தில் மிகச் சிறியது.

#5 தென்னம்பாளை

தென்னைப் பொருளாதாரத்தை ஓரளவு தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். 'வாசல்' என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது யாருடைய கையிலும் பழியை வைக்காத விளக்கம்.

1642-இல் ஸ்பானிய ஆளுநர் ஒருவர், உள்ளூர்க் குடிமகன் ஒவ்வொருவரும் 200 தென்னை நட வேண்டும் என்று ஆணையிட்டார். கப்பலின் இடுக்குகளை அடைக்க நாரும், கரிக்குச் சிரட்டையும் தேவைப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோப்புக்கும் செயற்கை வெண்ணெய்க்கும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தேங்காயெண்ணெய் கேட்கத் தொடங்கியபோது, சாமார் போன்ற மழைமிகு தீவுகள் கொப்பரைத் தோட்டங்களாயின. பிகாஃபெட்டா கண்டது கள்ளும் கயிறும் எண்ணெயும் காடியும் தரும் ஒரு முழு வாழ்வுமுறை. ஏற்றுமதிச் சந்தை அதிலிருந்து கொப்பரையை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டது.

கொப்பரை என்பது விவசாயி கையில் விலை நிற்காத பண்டம். ஆண்டு முழுவதும் மழை பெய்யும், வறண்ட பருவமே இல்லாத கிழக்குச் சாமாரில் வெயிலில் காய வைப்பது கடினம். ஆகவே சிரட்டையை எரித்துப் புகையில் உலர்த்துகிறார்கள். புகை படிந்த, ஈரம் போகாத கொப்பரைக்கு வியாபாரி 'ஈரக் கழிவு' என்று எடையில் பிடித்தம் செய்வார். அந்த வியாபாரியே முன்பணமும் கொடுத்திருப்பார். நிலம் இல்லாதவர் பல தோப்புகளில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு வேலை செய்கிறார். இத்தனைக்கும் பிறகு சரக்கு லெய்ட்டே தீவின் தக்லோபான் நகரப் பக்கத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போகிறது. எண்ணெயாக மாறுவதால் கூடும் மதிப்பு கிவானில் தங்குவதில்லை.

இன்னொரு பெரிய காயமும் உண்டு. மார்க்கோஸ் ஆட்சியில், 1973 முதல், விவசாயிகளிடமிருந்து தென்னைத் தீர்வை பிடிக்கப்பட்டது. அந்தப் பணம் ஆட்சியாளருக்கு நெருக்கமானவர்களின் வங்கியாகவும் ஆலைகளாகவும் பங்குகளாகவும் உருமாறியது. அதை விவசாயிகள் நலனுக்காகத் திருப்பிவிடும் சட்டம், எண் 11524, 2021 பிப்ரவரியில்தான் கையொப்பமானது. தீர்வை கட்டிய தலைமுறையில் எத்தனை பேர் அன்று உயிரோடு இருந்திருப்பார்கள்?

#6 கடலாடி

சுவடிப்பெட்டி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். முதல் பதிவில் மாற்றிவிடுவேன். தென்னம்பாளை அவர்கள் சொன்னதற்குப் பிறகு வருகிறேன். அதற்குமுன் 1944-45 பற்றிப் போசனிடம் கேட்டறிந்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கடற்படை இந்த மூலையைச் சில மாதங்களில் ஒரு பெருநகரமாக்கிவிட்டது. பவளக் கல்லை உடைத்துப் பரப்பி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஓடுபாதை அமைத்தார்கள். கலிக்கோவானில் கிடங்குகள், மனிகானியில் கப்பல் பழுதுபார்க்கும் தளம், அருகிலுள்ள நகராட்சியான சால்செடோவின் போபோன் முனையில் டார்பிடோ விரைவுப் படகுத் தளம். போர் முடிந்ததும், மரத்தால் ஆன அந்த விரைவுப் படகுகளைத் தாயகம் கொண்டுபோவது வீண் செலவு என்று முடிவு செய்து, இயந்திரங்களையும் ஆயுதங்களையும் கழற்றிக்கொண்டு, வெற்றுப் படகுகளைக் கரையிலேயே வரிசையாக நிறுத்தித் தீ வைத்தார்கள். மீன்பிடித்துப் பிழைக்கும் ஊரின் கண்முன்னால் படகுகளைக் கொளுத்தினார்கள் என்பதைப் போசனின் தந்தையார் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

போசன் ஒருமுறை கைப்பேசியில் தம் வீட்டுப் படத்தைக் காட்டினார். பன்றிக் கொட்டிலின் வேலியாக, வட்ட வட்டமாகத் துளையிட்ட துருப்பிடித்த இரும்புத் தகடுகள் நட்டு வைக்கப்பட்டிருந்தன. தற்காலிக விமானத் தளங்களில் தரையில் விரிக்கும் தகடு அது. தாத்தா காலத்தில் நட்டது, இன்னும் இற்றுப் போகவில்லை என்றார்.

#7 சுவடிப்பெட்டி

ரஷ்யர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாங்காய் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போகும் வேளையில், அங்கிருந்த வெள்ளை ரஷ்யர்களை, அதாவது ரஷ்யப் புரட்சியை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறியவர்களை, ஏற்க எந்த நாடும் முன்வரவில்லை. குடியரசாகி மூன்றாண்டுகூட ஆகாத பிலிப்பைன்ஸ், அதிபர் எல்பிடியோ கிரினோவின் தலைமையில், ஏற்றுக்கொண்டது. நான்கு மாதத்துக்கு என்று சொல்லி 1949-இல் கிவானை அடுத்த துபாபாவ் தீவில் இறக்கப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டோர், இரண்டாண்டுக்கு மேல் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற தளத்தில் கூடாரங்களில் வாழ்ந்தனர். அவர்களுடைய பேராயர் யோவான் வாஷிங்டன் வரை சென்று மன்றாடினார். பெரும்பாலோர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அந்தப் பேராயர் 1994-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். புயலுக்கு அஞ்சிய ஓர் அகதியிடம் உள்ளூர்க்காரர்கள், "உங்கள் சாமியார் ஒவ்வோர் இரவும் நான்கு திசைக்கும் ஆசி வழங்குகிறார், உங்களுக்கு என்ன பயம்?" என்றார்களாம். இது அகதிகளின் வாய்மொழி மரபு. அதை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது, போரில் சிதைந்த ஓர் ஏழை நாட்டின் மிக ஏழ்மையான மூலைகளில் ஒன்று, பணக்கார நாடுகள் தட்டிக்கழித்தவர்களுக்கு இடம் கொடுத்தது என்பதே.

#8 காற்றுமானி

புயல் பற்றி ஒருவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். 2013 நவம்பர் 8, அதிகாலை 4:40. யோலாண்டா, பன்னாட்டுப் பெயரில் ஹையான், முதலில் கரை தொட்டது கிவானில். பத்து நிமிடச் சராசரியில் மணிக்கு 230 கிலோமீட்டர் காற்று. நாடு முழுவதும் உறுதிசெய்யப்பட்ட இறப்புகள் 6,300. அவற்றில் பெரும்பகுதி தக்லோபானிலும் அதன் சுற்றுப்புறத்திலும். புயலை முதலில் வாங்கிய கிவானில் இறந்தோர் எண்ணிக்கை நூற்றைச் சுற்றியே இருந்தது. ஏன் இந்த வேறுபாடு?

ஒரு காரணம் கடல்தரையின் அமைப்பு. தக்லோபான் ஆழம் குறைந்த, புனல் போல் குறுகும் விரிகுடாவின் தலைமாட்டில் இருக்கிறது. காற்று தள்ளிய நீர் முழுவதும் அங்கே குவிந்தது. கிவானின் கிழக்குக் கரையோ விரைவில் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அத்தகைய கரையில் காற்றால் நீர் அவ்வளவு உயரம் குவியாது. இதைக் கேட்டு, ஆழ்கடலும் பவளத்திட்டும் எப்போதும் காப்பாற்றும் என்று எண்ணிவிடக் கூடாது. கிவானுக்கு வடக்கே அதே கரையில் உள்ள எர்னானி என்ற ஊரில், பவளத்திட்டின் மேல் உடைந்த பேரலைக் கூட்டங்கள் ஒன்றுசேர்ந்து, சுனாமி போன்ற ஒரு நீர்ச்சுவராக வீடுகளை அடித்துக்கொண்டு போயின. சாதாரணப் புயலில் அலையைத் தணிக்கும் திட்டு, அந்த அளவு அலைக்கு எதிர்மாறாக வேலை செய்தது.

இரண்டாவது காரணம், எச்சரிக்கையில் பயன்படுத்திய சொல். தக்லோபானில் எச்சரிக்கை அறிவிப்பு 'புயல் உயர்நீர்' என்பதற்கான ஆங்கிலக் கலைச்சொல்லிலேயே போயிற்று. பலருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை, 'சுனாமி வருகிறது என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்' என்று பின்னர் சொன்னார்கள். கிவானின் அப்போதைய நகரத் தலைவரோ 'டெலுப்யோ' வருகிறது என்று சொல்லிக் கட்டாயமாக வெளியேற்றினார் என்று செய்திகள் வந்தன. டெலுப்யோ என்றால் பிரளயம், நோவா காலத்து வெள்ளம். கத்தோலிக்க ஊரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கலைச்சொல் உருவாக்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது என்பேன்.

ஜப்பானிய உதவியுடன் கிவானில் அமைத்திருந்த வானிலை ரேடாரும் அன்றே நொறுங்கியது. பின்னர் மீண்டும் ஜப்பானிய உதவியுடனேயே கட்டப்பட்டது.

#9 அடித்தளம்

நான் கட்டடப் பொறியாளர். 2014-இல், ஒரு நிவாரண அமைப்பின் சார்பில், ஏழு வாரம் கிவானில் இருந்தேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நான் இறங்கியது கடலாடி ஐயா சொன்ன அதே ஓடுபாதையில்தான். புயலுக்குப் பின் சாலைகள் அடைபட்டிருந்த நாட்களில் பெரிய ராணுவச் சரக்கு விமானங்கள் வந்திறங்க முடிந்தது, 1944-45-இல் போட்ட அந்தப் பாதை இருந்ததால்தான். ஆகவே வந்தவர்கள் எதையுமே விட்டுச்செல்லவில்லை என்று சொல்ல முடியாது.

முதல் நாள் காலையில் என்னை நிறுத்திவைத்தது தென்னைகள். மலைச்சரிவு முழுவதும் மரங்கள் ஒரே திசையில், வாரிவிட்ட தலைமுடி போலப் படுத்திருந்தன. நின்றிருந்தவற்றுக்கும் தலை இல்லை. சாமாரும் லெய்ட்டேயும் அடங்கிய கிழக்கு விசாயாஸ் வட்டாரம் முழுவதும் 3 கோடியே 30 லட்சம் மரங்கள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டுத் தென்னை ஆணையம் கணக்கிட்டது. விழுந்த மரத்தை அப்படியே விட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, எஞ்சியதையும் தின்றுவிடும். எனவே நாள் முழுவதும் சங்கிலி ரம்பத்தின் ஓசைதான். வெளிப்புற மரம் உறுதியானது, அதைப் பலகையாக்கினோம். நடுப்பகுதி சோற்றி, அதைக் கட்டுமானத்துக்குச் சேர்த்தால் இரண்டே மழையில் உளுத்துவிடும். அங்கிருந்த தச்சர் ஒருவர் பலகையை நகத்தால் கீறிப் பார்த்தே எதைத் தூணுக்கு எடுப்பது, எதை அடுப்புக்கு எறிவது என்று பிரிப்பார். எங்களிடம் அதற்கு ஒரு கருவி இருந்தது. இரண்டாம் வாரத்தில் அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டோம்.

என் மனத்தாங்கல் படகுகள் பற்றியது. நான் சார்ந்திருந்த அமைப்பு உட்படப் பலரும், புகைப்படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பதாலோ என்னவோ, படகு கொடுக்கப் போட்டி போட்டார்கள். ஒரு கரையில் முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் வந்துவிட்டன. இன்னொரு கரைக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் படகுகளின் பக்கமிதவைக்குப் போட்ட மூங்கில் பச்சையாக இருந்தது; ஒட்டுப்பலகையின் விளிம்பு மூன்று மாதத்தில் பிரிந்தது. அதைவிடப் பெரிய தவறு, புயலுக்கு முன்பே மீன்வளம் குறைந்துகொண்டிருந்த நீரில் படகை மட்டும் பெருக்கியது. பெண்கள் கேட்டது படகு அன்று. கரையோரச் சிப்பி பொறுக்குவதற்கு இடமும், கருவாட்டுக்குப் பந்தலும், பாய் முடையத் தாழையும் கேட்டார்கள். எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

#10 தென்னம்பாளை

அடித்தளம் அவர்களே, இந்தப் பதிவுக்காகவே இழையைச் சேமித்து வைத்துக்கொண்டேன். தென்னை நட்டு ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் குடும்பம் எதை உண்ணும் என்பதற்கு எவரிடமும் விடை இல்லை. இளையவர்கள் மணிலாவுக்கும் கப்பலுக்கும் போனார்கள். கடலாடி ஐயாவின் போசன்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

சட்டப்படி கிவானின் மீனவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு உண்டு. கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள கடல் நகராட்சிக்குரியது; 3 டன்னுக்கு மேற்பட்ட வணிகப் படகுகள் அங்கே பொதுவாக நுழையக் கூடாது என்று 1998-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் சொல்கிறது. தவிர, 1994-இலிருந்தே கிவானைச் சுற்றியுள்ள 60,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமும் கடலும் பாதுகாக்கப்பட்ட பகுதி. ஆனால் எழுபது குதிரைத்திறன் இயந்திரத்தோடு வரும் அயல் படகை ஐந்து குதிரைத்திறன் காவல் படகு எப்படித் துரத்தும்? ஆகவே நான் சொன்னதையே மீண்டும் சொல்கிறேன்: குறை இடத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது.

#11 திண்ணை

பாதுகாக்கப்பட்ட பகுதி என்கிறீர்கள். ஹோமொன்ஹோனில் குரோமைட்டும் நிக்கலும் தோண்டுவதாகப் படித்தேனே?

#12 அடித்தளம்

தோண்டுகிறார்கள். ஹோமொன்ஹோனிலும் மனிகானியிலும் மண் செந்நிறம். நிக்கல் தாங்கிய செம்மண். மேலே மெல்லிய புதர்க்காடு, கீழே தாது. மேல்மண்ணை வழித்தெடுத்துப் படகில் ஏற்றுவது எளிது என்பதால் ஆழமான சுரங்கம் தேவையில்லை. ஆனால் மழை ஓயாத தீவில் வழித்த சரிவு அப்படியே கடலில் கரைந்து பவளத்தின் மேல் படிகிறது. நான் ஒருநாள் ஹோமொன்ஹோனுக்குப் படகில் போனபோது, கரையை நெருங்கும் முன்பே நீர் நீலத்திலிருந்து தேநீர் நிறத்துக்கு மாறியது. போரோங்கான் மறைமாவட்டத் திருச்சபை பல்லாண்டுகளாக எதிர்த்து வருகிறது. தீவுக்குள்ளேயே இரு தரப்பும் உண்டு. தினக்கூலி வாங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன், தென்னை விழுந்த பிறகு அவருக்கு வேறு என்ன இருந்தது? இரண்டு ஊற்றைக் கண்டு 'நல்ல குறி' என்று பெயரிட்ட தீவில் இன்று குடிநீருக்குக் கவலைப்படுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

சுற்றுலாவைப் பற்றியும் ஒரு சொல். கலிக்கோவானின் பசிபிக் கரையில் அலைச்சறுக்குக்கு வெளிநாட்டவர் வருகிறார்கள். சுலாங்கானில் அந்தோணியார் கோயிலுக்கு யாத்திரிகர் வருகிறார்கள், கோயில் வாசலில் பொன்னிறச் சோழி முதல் மணிபர்ஸ் வரை சிப்பிப் பொருள் விற்கிறார்கள். ஆனால் தக்லோபானிலிருந்து வேனில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வர வேண்டும். அந்தச் சாலையும் லெய்ட்டேயையும் சாமாரையும் இணைக்கும் சான் ஹுவானிகோ பாலத்தை நம்பியது. 1973-இல் திறந்த அந்தப் பாலத்தில், 2025 மே மாதம், வலுக்குறைவு கண்டு 3 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தடுத்தார்கள். கொப்பரை லாரியும் அரிசி லாரியும் கப்பலேறிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. கடலாடி ஐயாவின் 'இடம்' வாதத்துக்கு இதில் வலு இருக்கிறது என்று தென்னம்பாளை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

#13 தென்னம்பாளை

பாலத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே பாலத்தை ஐம்பதாண்டு நம்பியிருக்க வைத்ததும் அதிகாரம்தான்! இதற்குமேல் வாதிட்டால் திண்ணை என்னைத் திண்ணையிலிருந்து இறக்கிவிடுவார். வேறொன்று கேட்கிறேன்: அங்கே கள் செந்நிறமாக இருக்குமாமே, எப்படி?

#14 அடித்தளம்

கண்டல் மரப்பட்டையை இடித்து, 'பாரோக்' என்ற அந்தத் தூளைக் கள்ளில் கலக்கிறார்கள். துவர்ப்பேறும், புளிப்பு மட்டுப்படும், நிறம் செங்கல் போல ஆகும். மாதக்கணக்கில் வைத்து முதிரச் செய்வதும் உண்டு. அதே கள்ளை ஊற்றி அரிசி மாவைப் புளிக்கவைத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, வாழையிலை விரித்த சிறு மண்சட்டியில் 'சாலுகாரா' என்று சுடுகிறார்கள். முதல் வாய் எடுத்ததும் நான் "ஆப்பம்!" என்று கத்திவிட்டேன்; சுட்ட அம்மாளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய், அதன்பின் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஆப்பம், ஆப்பம்" என்றே கூப்பிட்டார்.

#15 கடலாடி

முதல் பதிவில் மெக்ஆர்தர் தொடர்பான வரியைத் திருத்திவிட்டேன். இடமா, அதிகாரமா என்பதில் என் கருத்தும் சற்று நகர்ந்திருக்கிறது: கொப்பரை விலையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் பாலத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நேற்று போசனைக் கைப்பேசியில் அழைத்து, இந்த இழையில் எழுந்த இரண்டு கேள்விகளைக் கேட்டேன். 2014-இல் நாற்பது தென்னங்கன்று நட்டிருக்கிறார். வண்டுக்கும் எருமைக்கும் போக இருபத்தேழு நிற்கின்றன. 2021-இல் முதல் காய் வெட்டினார்களாம். நிவாரணப் படகு என்னவாயிற்று என்றேன். அடித்தளம் அவர்கள் மன்னிக்க வேண்டும்: கவிழ்த்துப் போட்டு, ஒரு பக்கம் வாசல் வெட்டி, கோழிகளை அடைக்கிறார்களாம். பன்றிக் கொட்டிலின் இரும்புத் தகட்டு வேலியை ஒட்டியே அது இருக்கிறதாம். படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே இடுகிறேன்.